மூணு ராத்திரி எங்கே? வெனிஸ், ட்ரியெஸ்தே, ஒரே ஆள் எழுதிய இரண்டு புத்தகங்கள்

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நண்பருக்கு ஒரு யோசனை சொன்னேன். தப்பான யோசனை. அது ஏன் தப்பு என்று எனக்கே புரிவதற்கு இரண்டு புத்தகங்கள் தேவைப்பட்டன. இந்தப் பதிவு அந்தப் புத்தகங்களைப் பற்றியும், அந்தத் தப்பைப் பற்றியும்.

நண்பர் தன் மனைவி, அப்பா, அம்மாவோடு ஏட்ரியாட்டிக் கடலில் ஏழு நாள் கப்பல் சுற்றுலா போனார். கப்பல் கடைசியாக வந்து சேரும் இடம் 'வெனிஸ்' என்று டிக்கெட்டில் பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சின்ன எழுத்தில் 'ட்ரியெஸ்தே'. ஊருக்குத் திரும்பும் விமானம் வெனிஸிலிருந்து. நடுவில் மூணு ராத்திரி சும்மா இருக்கிறது. "அதை எங்க வச்சுக்கலாம்? நீதான் இதையெல்லாம் நோண்டிப் பாக்கிற ஆளாச்சே" என்று கேட்டார்.

நான் வழக்கம்போல ஒரு எக்செல் ஷீட் போட்டேன். ஓட்டல் வாடகை, ரயில் நேரம், பார்க்க வேண்டிய இடங்கள், பெரியவர்களுக்குப் படிக்கட்டு எவ்வளவு, இப்படி ஏழெட்டு பத்தி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் விடை பளிச்சென்று வந்தது. "ட்ரியெஸ்தேலயே தங்கிடுங்க. வாடகை கம்மி. ரயில்ல ரெண்டு மணி நேரம்தான் வெனிஸ். ஒரு நாள் காலைல போய்ட்டு ராத்திரி திரும்பிடுங்க. ரெண்டு ஊரும் பாத்த மாதிரி ஆச்சு."

இதையேதான் பயணக் குறிப்பு எழுதுகிற பலரும் சொல்வார்கள். புத்திசாலித்தனமான யோசனை மாதிரியே இருக்கும்.

திரும்பி வந்த பிறகு நண்பரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரெண்டு ஊரையும் பாக்கலப்பா. வெனிஸ்ல கூட்டத்தைப் பாத்தோம், ட்ரியெஸ்தேல ரூமைப் பாத்தோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் அது எனக்கு அதிகமாக உறைத்தது.

டிக்கெட்டில் இருக்கிற வெனிஸ்

முதலில் அந்த அடைப்புக்குறி விஷயம். கப்பல் வெனிஸுக்கு வருகிறது என்று சொல்லிவிட்டு ஏன் வேறு ஊரில் இறக்கிவிடுகிறார்கள்?

2019 ஜூன் 2-ஆம் தேதி ஒரு பெரிய உல்லாசக் கப்பல் வெனிஸின் ஜுதெக்கா கால்வாயில் கட்டுப்பாட்டை இழந்து, கரையிலும் அங்கே நின்றிருந்த ஒரு ஆற்றுப் படகிலும் மோதியது. சிலருக்குக் காயம். வீடியோவில் பார்த்தால் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் தெருவுக்குள் நகர்ந்து வருவது போல இருக்கும். அதற்கு முன்பே பல வருஷமாக உள்ளூர்க்காரர்கள் பெரிய கப்பல்களை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலிய அரசு தடை போட்டது. 25,000 டன்னுக்கு மேல் கொள்ளளவு, 180 மீட்டருக்கு மேல் நீளம், தண்ணீருக்கு மேல் 35 மீட்டருக்கு மேல் உயரம், இப்படி ஏதாவது ஒரு வரம்பைத் தாண்டினாலே சான் மார்கோ பக்கமும் ஜுதெக்கா கால்வாயிலும் நுழைய முடியாது. இன்றைய வழக்கமான உல்லாசக் கப்பல்கள் இந்த எல்லா வரம்பையும் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

அதனால் கப்பல்கள் இடம் மாறின. சில கப்பல்கள் மார்கேராவின் தொழில் துறைமுகத்துக்கு, சில தெற்கே ராவென்னாவுக்கு, சில கிழக்கே ட்ரியெஸ்தேக்கு. கப்பல் மாறியது, விளம்பரத்தில் பெயர் மாறவில்லை. ட்ரியெஸ்தேயிலிருந்து வெனிஸ் சாலை வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர். சென்னையில் இறங்க வேண்டிய ஆளை விழுப்புரத்தில் இறக்கிவிட்டு 'சென்னை' என்று சொல்வது போலத்தான் இது. விழுப்புரத்துக்காரருக்கு அது எப்படி இருக்கும்? அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பகல் ஆள், ராத்திரி ஆள்

வெனிஸின் பழைய நகரத்தில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே போய்விட்டது. வீடுகள் சுற்றுலா வாடகை அறைகளாகின்றன, காய்கறிக் கடைகள் முகமூடிக் கடைகளாகின்றன, இளைஞர்கள் கரைக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேக்குக் குடிபோகிறார்கள்.

2024 ஏப்ரல் 25 முதல் வெனிஸ் நகராட்சி நுழைவுக் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது. அந்த வருஷம் 29 நாட்களுக்கு, தலைக்கு 5 யூரோ. 2025-ல் 54 நாட்கள்; கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. காலை எட்டரை முதல் மாலை நாலு மணி வரை உள்ளே வருகிறவர்களுக்குத்தான் இது. முக்கியமான விஷயம் என்னவென்றால், ஊரில் ராத்திரி தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. அவர்கள் ஏற்கெனவே ஓட்டல் மூலமாகத் தங்கல் வரி கட்டுகிறார்கள்.

இந்த விதியை நான் முதலில் படித்தபோது பணம் பிடுங்கும் வேலை என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அந்த ஊர் இரண்டு வகை விருந்தாளிகளைப் பிரித்துப் பார்க்கிறது என்பது புரிந்தது. பகலில் வந்து, சான் மார்கோவில் நின்று படம் எடுத்து, ரியால்தோ பாலத்தில் நெருக்கி, சாயங்காலம் கிளம்புகிறவர் ஒரு வகை. ராத்திரி தங்கி, காலையில் பக்கத்துக் கடையில் காபி குடிக்கிறவர் இன்னொரு வகை. முதல் வகை ஊருக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. நான் என் நண்பரின் குடும்பத்தை அந்த முதல் வகைக்குள் தள்ளிவிட்டேன்.

ஒரு சின்ன ஓட்டையும் உண்டு. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது. அங்கே தங்கினாலும் கட்டண விலக்கு கிடைக்கும். ஆனால் மெஸ்த்ரேயில் தங்கிவிட்டு வெனிஸில் தங்கினேன் என்று சொன்னால், அது டிக்கெட்டில் அடைப்புக்குறி போட்ட கப்பல்காரர் சொல்வது மாதிரிதான்.

முதல் புத்தகம்: 1960

இப்போது புத்தகங்களுக்கு வருகிறேன். ஜான் மோரிஸ் (1926–2020) வேல்ஸைச் சொந்த மண்ணாகக் கருதிய எழுத்தாளர். 1953-ல் எவரெஸ்ட் ஏறிய செய்தியை லண்டனுக்கு முதலில் அனுப்பிய பத்திரிகையாளர் அவர்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் இளம் அதிகாரியாக வெனிஸ், ட்ரியெஸ்தே இரண்டு ஊருக்கும் போனவர். 'வெனிஸ்' புத்தகம் 1960-ல் ஜேம்ஸ் மோரிஸ் என்ற பெயரில் வந்தது. 1972-ல் பாலின மாற்ற சிகிச்சைக்குப் பிறகு ஜான் மோரிஸ் ஆனார். 2001-ல் 'ட்ரியெஸ்தே அண்ட் தி மீனிங் ஆஃப் நோவேர்' வந்தது. 'எங்குமில்லாமையின் பொருள்' என்று அந்தப் பின்பாதித் தலைப்பை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஆள், 41 வருஷ இடைவெளியில், என் நண்பர் கேட்ட அதே இரண்டு ஊர்களைப் பற்றி ஆளுக்கொரு புத்தகம் எழுதியிருக்கிறார். இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது என்று இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன்.

'வெனிஸ்' புத்தகத்தின் அமைப்பே நமக்கு ஒரு பாடம். கரை தென்படுவதில் ஆரம்பிக்கிறது, கப்பல் ஏறிக் கிளம்புவதில் முடிகிறது. நடுவில் மக்கள், நகரம், காயல் என்று மூன்று பெரிய பகுதிகள். அதாவது, கப்பல் பயணிக்கும் மோரிஸுக்கும் ஆரம்பமும் முடிவும் ஒன்றேதான். வித்தியாசம் அந்த நடுப்பகுதியில் இருக்கிறது. மோரிஸ் மனைவி குழந்தைகளோடு அங்கே வீடு எடுத்துத் தங்கி எழுதியவர். அதனால் அரண்மனைகளுக்கு நடுவில் குப்பைப் படகு வருகிறது, பூனைகள் வருகின்றன, ஊர் முழுக்கத் தேடித் தேடிப் பார்த்த கல் சிங்கங்கள் வருகின்றன. வரலாறு நிறைய இருக்கிறது, ஆனால் பாடம் நடத்தும் தொனி இல்லை. பட்டியல் மேல் பட்டியலாக, மூச்சு விடாமல் பேசுகிற ஒரு உற்சாகமான ஆளோடு நடப்பது போல.

குறையும் உண்டு. அந்த உற்சாகம் சில இடங்களில் வெனிஸ்காரர்களை ஒரு தனி ஜாதி உயிரினம் மாதிரி ஆக்கிவிடுகிறது. "இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆறு தலைமுறையாக அங்கே மீன் விற்கிற ஒருத்தர் தன் வாயால் பேசுவது குறைவு. அந்தக் காலத்துப் பயண எழுத்தின் பழக்கம் அது. ஆனாலும், மோரிஸ் பார்த்த ஊரில் வெனிஸ்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். இன்றைக்கு அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்கு ரியால்தோவில் நின்றால், புத்தகத்தில் இருக்கிற ஊர் கண்ணில் படாது. நான் அங்கே தங்கியது ஒரே ஒரு ராத்திரி. காலை ஆறரைக்கு வெளியே வந்தபோது காய்கறிப் படகிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு பாட்டி நாயோடு பாலம் ஏறிக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரம் புத்தகத்துக்குள் இருந்தேன். ஒன்பதரைக்குப் புத்தகம் மூடிவிட்டது.

இரண்டாவது புத்தகம்: 2001

ட்ரியெஸ்தே புத்தகம் முற்றிலும் வேறு குரல். 75 வயதில் எழுதியது. இளைஞனாக அங்கே படகுத்துறையில் உட்கார்ந்து ஏக்கத்தைப் பற்றி எழுதிய நாளை நினைத்துப் பார்த்தபடி ஆரம்பிக்கிறது. உற்சாகம் போய், ஒரு மெல்லிய சோகம்.

அந்த ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1382 முதல் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கீழ். 1719-ல் பேரரசர் ஆறாம் கார்ல் அதைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவித்தார். 1833-ல் அங்கே லாயிட் கப்பல் நிறுவனம் பிறந்தது, 1857-ல் வியன்னாவிலிருந்து ரயில் வந்தது. பெரிய ஒரு பேரரசுக்குக் கடல் பக்கம் இருந்த முக்கியமான வாசல் அது. 1918-ல் பேரரசு உடைந்தது, ஊர் இத்தாலிக்குப் போனது. இத்தாலிக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட துறைமுகங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947 முதல் 1954 வரை எந்த நாட்டுக்கும் சேராத 'சுதந்திரப் பிரதேசம்'. பிறகு மறுபடி இத்தாலி. வேலை போன பிறகும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு தினமும் கிளம்புகிற மனிதர் மாதிரி ஒரு ஊர்.

மோரிஸ் இந்த வேலை போன தன்மையைத்தான் பிடித்துக்கொள்கிறார். அவருக்கு ட்ரியெஸ்தே எந்த நாட்டுக்கும், எந்த அடையாளத்துக்கும் முழுசாகச் சேராதவர்களின் ஊர். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் அப்படிப்பட்ட நல்ல மனிதர்களை ஒரு நாட்டின் குடிமக்களாகக் கற்பனை செய்து, அந்த நாட்டுக்கு ட்ரியெஸ்தேயைத் தலைநகராக்குகிறார். வாழ்க்கை முழுக்கப் பெயர், உடல், நாடு என்று எல்லாவற்றிலும் எல்லை தாண்டிய ஒருத்தர் எழுதுகிறார் என்பது தெரிந்து படித்தால், இந்த இடம் நெஞ்சைத் தொடும். என்னையும் தொட்டது.

கப்பலிலிருந்து இறங்குகிறவருக்கும் இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். ஏழு நாள் கப்பலில் நீங்கள் ஒரு அறை எண். சாப்பாடு நேரத்துக்கு, நிகழ்ச்சி நேரத்துக்கு, இறங்குகிற நேரம் ஏறுகிற நேரம் எல்லாமே அறிவிப்பு. தினம் ஒரு துறைமுகம், எட்டு மணி நேரம், திரும்பி ஓடு. அதற்குப் பிறகு யாரும் உங்களைக் கவனிக்காத, பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாத ஒரு ஊர் கிடைத்தால் அதுதான் உண்மையான ஓய்வு. இதைப் படித்தபோது "ஆகா, என் எக்செல் சொன்னது சரிதான், காரணம்தான் வேறு" என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

யாருக்கு 'எங்குமில்லாத' ஊர்?

அப்புறம்தான் சந்தேகம் வந்தது. எங்குமில்லாத ஊர் என்றால், யாருக்கு?

போரிஸ் பாஹோர் என்று ஒரு எழுத்தாளர். 1913-ல் ட்ரியெஸ்தேயில் பிறந்த ஸ்லோவேனியர். 2022-ல், 108 வயதில் இறந்தார். 1920 ஜூலை 13 அன்று, ஊரின் நடுவில் இருந்த ஸ்லோவேனியர்களின் பண்பாட்டு மாளிகையான 'நாரோத்னி தோம்' கட்டடத்தைப் பாசிஸ்டுகள் கொளுத்தியபோது அதைக் கண்ணால் பார்த்த சிறுவன் அவர். அப்போது ஏழு வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த சில வருஷங்களில் ஸ்லோவேனியப் பள்ளிகள் மூடப்பட்டன, ஆட்களின் பெயர்கள் இத்தாலியமாக மாற்றப்பட்டன. பிறகு நாஜி முகாம்கள். அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய 'நெக்ரோபோலிஸ்' 1967-ல் ஸ்லோவேனிய மொழியில் வந்தது. அவருடைய சொந்த ஊரின் இத்தாலிய வாசகர்கள் அதைப் பரவலாகப் படிக்க 2000-கள் ஆகிவிட்டது. அந்த மாளிகையை ஸ்லோவேனியச் சமூகத்திடம் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம் 2020 ஜூலை 13 அன்று, எரித்த நூறாவது வருஷத்தில், இரண்டு நாட்டு ஜனாதிபதிகள் முன்னிலையில் கையெழுத்தானது.

பாஹோருக்கு ட்ரியெஸ்தே எங்குமில்லாத ஊர் கிடையாது. அவருடைய மொழியைத் தெருவில் பேச முடியாமல் போன ஊர். தன் மொழியில் பெயர் வைத்துக்கொள்ளவே போராட வேண்டியிருந்த ஒருத்தரிடம் போய், "அடையாளம் எதுவும் இல்லாத இந்த ஊர் எவ்வளவு நிம்மதி பாருங்கள்" என்று சொல்ல முடியுமா?

மோரிஸ் எதையும் மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. பாசிசம், போர், ஸ்லோவேனியர்கள் எல்லாமே புத்தகத்தில் உண்டு. ஆனால் எல்லாவற்றின் மேலும் ஒரே பனிமூட்டம். கொடுமையும் அந்த மெல்லிய சோகத்தின் இன்னொரு நிறமாகக் கரைந்துவிடுகிறது. அடையாளத்தைத் தானே கழற்றி வைக்கிறவருக்கு எங்குமில்லாமை விடுதலை. அடையாளத்தைப் பிடுங்கிக்கொள்ளப்பட்டவருக்கு அது இழப்பு. புத்தகம் முதல் ஆளின் பக்கம் நின்று எழுதப்பட்டது. அழகான புத்தகம்தான், ஆனால் போய்விட்டு வருகிறவரின் புத்தகம்.

நம் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தத் தலைப்பு பொருந்தவில்லை. வட்டமேஜை மாநாடு முடிந்து 1931 டிசம்பரில் காந்தி பிரிண்டிசியிலிருந்து பம்பாய்க்குத் திரும்பிய 'பில்ஸ்னா' கப்பல், ட்ரியெஸ்தேயைத் தலைமையிடமாகக் கொண்ட லாயிட் நிறுவனத்துடையது. 1964-ல் அப்துஸ் சலாம் அங்கே சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார், வளரும் நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் வந்து வேலை செய்வதற்காகவே. நம் ஊரில் கோட்பாட்டு இயற்பியல் படித்த யாரிடமாவது ட்ரியெஸ்தே என்று சொல்லிப் பாருங்கள், "அங்க போயிருக்கேன்" என்பார்கள், இல்லையென்றால் "எங்க ப்ரொபசர் போயிருக்கார்" என்பார்கள். ஐரோப்பியப் பயணிக்கு எங்கேயோ இருக்கிற ஊர், இவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விலாசம்.

கப்பல் டிக்கெட்டில் அந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள் போனதும், புத்தகத் தலைப்பில் 'எங்குமில்லாமை' ஆனதும் ஒரே காரணத்தால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் வியாபாரத்துக்காகச் செய்தார், இன்னொருவர் காதலோடு செய்தார். இரண்டிலும் அங்கே குடியிருக்கிற இரண்டு லட்சம் பேர் பின்னால் போய்விடுகிறார்கள். விழுப்புரத்துக்காரருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டது இதற்காகத்தான்.

சரி, எங்கே தங்குவது?

விமர்சனம் மட்டும் எழுதிவிட்டு விடை சொல்லாமல் போனால் நண்பர் அடிப்பார்.

முதல் விதி: ட்ரியெஸ்தேயில் தங்கிக்கொண்டு வெனிஸுக்குப் பகல் பயணம் போகாதீர்கள். மூன்று நாளில் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். நாலு மணி நேரம் ரயில், மீதி நேரம் வெனிஸின் மிக மோசமான மணி நேரங்கள். கப்பலில் ஏழு துறைமுகம் பார்த்தீர்கள், இது எட்டாவது. கப்பலை விட்டு இறங்கியும் கப்பல் பயணம் முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது: வெனிஸ் பார்க்க வேண்டும் என்ற ஆசை வீட்டில் யாருக்காவது இருந்தால், மூணு ராத்திரியும் அங்கேயே, தீவுக்குள்ளேயே தங்குங்கள். ட்ரியெஸ்தே கப்பல் முனையத்திலிருந்து ரயில் நிலையம் கால் மணி, இருபது நிமிஷ நடை. அங்கிருந்து நேராக சான்தா லூச்சியா நிலையம். வாடகை அதிகம்தான், அதற்காக அறையைச் சின்னதாக எடுங்கள், ஊரை விட்டுக்கொடுக்காதீர்கள். ஊரில் 400-க்கும் மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. அதனால் முட்டிவலிக்காரர்கள் இருந்தால் 'வபொரெத்தோ' படகு நிறுத்தத்தை ஒட்டி, நடுவில் பாலம் இல்லாத ஓட்டலாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். விடியற்காலையும் ராத்திரியும் நடங்கள். நடுப்பகலில் தூங்குங்கள், இல்லையென்றால் படகு பிடித்து தோர்செல்லோ பக்கம் போய்விடுங்கள்.

மூன்றாவது: வெனிஸ் ஏற்கெனவே பார்த்தாயிற்று, அல்லது அந்த ஆசை பெரிதாக இல்லை என்றால், மூணு ராத்திரியும் ட்ரியெஸ்தேயில். ஆனால் வெனிஸுக்குப் பதிலாகத் தங்குகிறோம் என்று நினைக்காதீர்கள், வெறுமையைத் தேடியும் போகாதீர்கள். அங்கே இருக்கிறவர்களைப் பார்க்கப் போங்கள்.

கப்பல் முனையத்தை ஒட்டியே மோலோ அவுதாச்சே என்ற நீண்ட படகுத்துறை இருக்கிறது. 1740-ல் மூழ்கிய சான் கார்லோ என்ற கப்பலின் மேல் கட்டியது. சாயங்காலம் உள்ளூர்க்காரர்கள் அதில் நடந்து போய், நுனியில் நின்று, திரும்பி வருவார்கள், அவ்வளவுதான். காபிக் கடையில் 'காப்போ இன் பி' என்று கேளுங்கள். சின்னக் கண்ணாடி டம்ளரில் பால் நுரை போட்ட காபி வரும். டம்ளரில் காபி குடிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914-ல் திறந்த சான் மார்கோ காபிக் கடையில் ஒரு மேஜை பிடித்து ஒரு மத்தியானம் முழுக்க உட்காரலாம். சான் சப்பாவில் பழைய அரிசி ஆலை ஒன்று உண்டு. நாஜிகள் அதைச் சாவு முகாமாக, எரியூட்டு உலையோடு நடத்தினார்கள். இன்று நினைவிடம். அதற்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள், அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு நாள் சான் ஜொவான்னி பூங்கா. அது முன்பு மனநல மருத்துவமனை. 1971-ல் அதன் இயக்குநராக வந்த ஃபிராங்கோ பசாலியா கதவுகளைத் திறந்துவிட்டார். 1978-ல் இத்தாலி முழுக்க அப்படிப்பட்ட மருத்துவமனைகளை மூட வழிசெய்த சட்டம் வந்ததற்கு இந்த இடமும் ஒரு காரணம். இன்று ரோஜாத் தோட்டத்துக்குள் நடக்கலாம். இதெல்லாம் நடந்த ஒரு ஊரை எப்படி எங்குமில்லாத ஊர் என்பது?

போரா காற்று அடிக்கிற நாளாக இருந்தால் மட்டும் பெரியவர்களை வெளியே கூட்டிப் போகாதீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும்.

இப்போது என் நண்பர் விஷயம். அவருடைய அப்பாவுக்கு எந்த ஊரானாலும் சரி. அம்மாவுக்குத்தான் ஆசை. வீதியெல்லாம் தண்ணீராக இருக்கிற ஒரு ஊரை ஏதோ பழைய சினிமாப் பாட்டில் பார்த்ததிலிருந்து, ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று. எழுபது வயது தாண்டிவிட்டது. இன்னொரு விசா, இன்னொரு நீண்ட விமானப் பயணம் நடக்கிற காரியமில்லை. இதை நண்பர் என்னிடம் முதல் போனிலேயே சொல்லியிருந்தார். என் எக்செலில் அதற்குப் பத்தி இல்லை. படிக்கட்டுக்கு மட்டும் பத்தி போட்டு, அம்மாவுக்காக என்று நினைத்துக்கொண்டே அவர் ஆசைக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

அந்தக் குடும்பத்துக்குச் சரியான விடை வெனிஸ், மூணு ராத்திரி, படகு நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். அம்மா எங்கேயும் நடக்கவே வேண்டாம். இதை நண்பரிடம் சொன்னேன். "இப்ப சொல்லு" என்றார்.

எனக்கே அந்த மூணு ராத்திரி கிடைத்தால் ட்ரியெஸ்தேதான். இந்தத் தடவை நாரோத்னி தோம் இருக்கிற தெருவிலிருந்து நடக்க ஆரம்பிப்பேன். மோரிஸின் புத்தகத்தையும் எடுத்துப் போவேன், பாஹோரையும் எடுத்துப் போவேன். இரண்டையும் படித்தவர்கள் யாராவது இருந்தால், மோரிஸ் மேல் நான் வைத்த குற்றச்சாட்டு சரியா என்று எழுதுங்கள். தப்பாக இருந்தால் திருத்திக்கொள்கிறேன். போன தடவை மாதிரி ஒரு குடும்பம் போய்த் திரும்பி வந்த பிறகு திருத்துவதற்கு இது எவ்வளவோ பரவாயில்லை.